சாவியைத் தொடும் முன்

முப்பத்தைந்து வயதில் என்னை ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்வது எனக்கே சற்று வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். திருநெல்வேலி சந்திப்புக்கு அருகில் நான் வேலை பார்த்த கைக்கடிகாரச் சேவை மையத்தில் இப்போது பழுது பார்க்கும் மேசைகள் இல்லை. கடிகாரத்தை வாங்கி, பெட்டியில் வைத்து, சென்னைக்கு அனுப்பும் கவுண்டர் மட்டும் இருக்கிறது. கடிகாரத்தைத் திறக்கும் வேலை இங்கே இல்லை என்றான பிறகு, திறக்கத் தெரிந்தவள் இருந்து என்ன செய்வது? கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் ஓர் இடத்துக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. பாளையங்கோட்டையில் வீட்டில் இருக்கிறேன்.

இப்போது அந்தக் கவுண்டரில் இருப்பவள் சுபா. போன மாதம் போனில் கேட்டாள். "அக்கா, தெனமும் போடுத வாட்ச எப்படிக் கழுவணும்னு ஆளாளுக்குக் கேக்காவ. வெல கூடுன வாட்சுல்லா, தப்பாச் சொல்லிட்டா என் தலதான் உருளும். நீங்க எழுதி அனுப்புங்களேன்."

எழுதி அனுப்பினேன். முதலில் சாவி இறுக மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் கடிகாரத்தின் பக்கவாட்டில் இருக்கும் அந்தத் திருகைச் சாவி என்றுதான் சொல்வோம். மூடியிருந்தால், உலோகச் செயின் போட்ட கடிகாரத்தை வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவலாம். ஒரு சொட்டுக் குளியல் சோப்புத் திரவம், குழந்தைகள் பல் தேய்க்கும் மெல்லிய பிரஷ், அவ்வளவு போதும். செயினின் கண்ணிகளுக்கு நடுவிலும், பின்மூடி தோலில் படும் விளிம்பிலும்தான் அழுக்கு சேரும். கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. நல்ல தண்ணீரில் அலசி, பழைய பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, செயினை விரித்துக் காய வைக்க வேண்டும். தோல் பட்டையில் தண்ணீரே படக் கூடாது. அத்தர், சானிடைசர், கொசு விரட்டி எண்ணெய் எதுவும் வேண்டாம். வெந்நீர் கூடவே கூடாது. தினமும் இரவு கழற்றியதும் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு.

சுபா உடனே பதில் போட்டாள். "இதுல எது முக்கியம் அக்கா? எல்லாத்தையும் சொன்னா அவங்க கேக்க மாட்டாங்க."

முதல் வரி முக்கியம் என்று பதில் எழுதினேன். ஏன் என்று கேட்டாள். அதைப் போனில் எழுத முடியவில்லை. அதனால் இது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாலிடெக்னிக்கில் கருவிகள் சார்ந்த டிப்ளமோ. பிறகு பெங்களூரில் ஒரு பயிற்சி. அங்கே முதல் சில வாரங்கள் திருகுகளைக் கழற்றி, அளவு வாரியாக அடுக்கி, மறுபடி மாட்டினோம். அதில் சலிப்படையாதவர்களை மட்டும் அடுத்த அறைக்கு அனுப்பினார்கள். எனக்குச் சலிக்கவில்லை. எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு மூச்சு சீராக வரும்; அது திறமை என்று அங்கே முதன்முதலாகச் சொன்னார்கள்.

திருநெல்வேலியில் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் தினமும் அணியும் கடிகாரம் என்றால் என்ன என்று புரிந்தது. பயிற்சியில் எல்லாம் புதிது, சுத்தம். இங்கே செயினைச் சோப்புத் தண்ணீரில் போட்டதும் தண்ணீரின் நிறமே ஆளைச் சொல்லும். மாஞ்சோலை எஸ்டேட் அதிகாரி ஒருவரின் செயினிலிருந்து தேயிலைத் தூள் செம்பழுப்பாக இறங்கும். கோயில் குருக்கள் ஒருவருடையதில் சந்தனம், நல்லெண்ணெய், அதன் மேல் குங்குமம், அடுக்கடுக்காக. தொழிற்பேட்டை எஞ்சினியர்களின் கடிகாரம் பளிச்சென்று இருக்கும். ஆனால் காந்தம் ஏறி வேகமாக ஓடும்.

மையத்தின் பொறுப்பாளர் பிரேமா மேடம். நாகர்கோவில்காரர். குரலை உயர்த்த மாட்டார். பாராட்டவும் மாட்டார். வாடிக்கையாளர் கவுண்டருக்கு வந்தால் எழுந்து நின்று, இரண்டு கையாலும் கடிகாரத்தை வாங்குவார். வாங்கும்போதே அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சாவிக்குப் போய், அதை ஒரு தடவை அழுத்தித் திருகிப் பார்த்துவிடும். தளர்ந்திருந்தால் அதே அசைவில் மூடிவிடும். "வாங்க சார், உக்காருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அது முடிந்திருக்கும்.

இது அவருடைய முதல் விதி. கடிகாரம் யார் கைக்கு வந்தாலும் முதல் வேலை சாவி. திறந்த சாவியோடு ஒரு கடிகாரமும் கவுண்டரைத் தாண்டி உள்ளே வரக் கூடாது; வந்தால் யாராவது ஒருவர் அதைக் கழுவும் தொட்டியில் போட்டுவிடுவார், சாவி வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். நல்ல விதி. நாங்கள் எல்லோரும் அதைப் பழகி, பிறகு பழகியதையும் மறந்துவிட்டோம். விரல்கள் தாமாகச் செய்யும். பல கடிகாரங்கள் அரைச் சுற்றுத் தளர்ந்துதான் வரும். அதை யாரும் குறித்து வைப்பதில்லை.

அவருடைய இன்னொரு பழக்கம், வாடிக்கையாளரைக் குறுக்கு விசாரணை செய்வதில்லை. ஒருமுறை ஆற்றங்கரை அக்ரஹாரத்திலிருந்து வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். மகள் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த கடிகாரம். கண்ணாடி போல் மின்ன வேண்டிய விளிம்பு முழுவதும் மங்கி, மெல்லிய வட்டக் கோடுகள். கண்ணிகளுக்குள் வெள்ளையாக ஏதோ இறுகியிருந்தது.

"வாங்கி ஒரு வருஷம் ஆகல. இப்படி மங்கிப்போச்சுன்னா என்ன அர்த்தம்?" என்றார்.

மேடம் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். பிறகு கூட வந்திருந்த அவர் மனைவியைப் பார்த்து, "உங்க வீட்டு வெள்ளி வெளக்கு நல்லாப் பளபளன்னு இருக்கும்னு நெனைக்கேன்" என்றார்.

அந்த அம்மா முகம் மலர்ந்தது. "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம விபூதி போட்டுத் தேச்சிருவேன். வெளக்கு, பஞ்சபாத்திரம், எல்லாம்." ஒரு நொடி நின்றார். "அதோட சேத்து இதையும்."

"இது வெள்ளி இல்லேடி, ஸ்டீலு" என்றார் கணவர்.

"உங்க மக வெல சொன்னப்போ வெள்ளின்னுதான் நெனச்சேன். ஸ்டீலுக்கா அவ்வளவு வெல?"

மேடம் உட்பட எல்லோரும் சிரித்தோம். விளிம்பை மெருகேற்றிக் கொடுத்தோம். காரணம் எது என்று சேவை அறிக்கையில் மேடம் எழுதியது இரண்டே சொல்: தினசரிப் பயன்பாடு.

ஆனால் எல்லாவற்றுக்கும் அப்படி எழுத முடியாது. அங்கேதான் ஷாகுல் பாய் வருகிறார்.

மேலப்பாளையத்தில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். இளமையில் வளைகுடா நாட்டில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். இப்போது அங்கே இருக்கும் மகன் ரியாஸ், வாப்பாவுக்கு ஒரு நல்ல கடிகாரம் வாங்கி அனுப்பியிருந்தான். தானாக ஓடும் கடிகாரம். கை அசைவிலேயே அதற்குச் சக்தி ஏறும். நூறு மீட்டர் ஆழத்துத் தண்ணீரைத் தாங்கும் என்று பின்மூடியில் எழுதியிருக்கும். அதைத் தினமும் அணிந்தார். அதன் கண்ணாடிக்குள் பனி படர்ந்தது.

முதல் முறை திறந்து உலர்த்தி, ரப்பர் வளையங்களை மாற்றினேன். காற்றழுத்தச் சோதனையில் தேறியது. சில வாரங்களில் மறுபடி பனி. இரண்டாம் முறை சாவியையும் அது திருகும் குழாயையும் சேர்த்து மாற்றினேன். மறுபடி சோதனை, மறுபடி தேர்ச்சி. அதோடு நிற்காமல் சூடான தட்டில் வைத்து, கண்ணாடி மேல் குளிர்ந்த நீர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். உள்ளே ஈரம் இருந்தால் அந்தச் சொட்டுக்கு அடியில் மங்கும். மங்கவில்லை.

வழக்கமான கேள்விகளை மேடம் இரண்டு முறையும் கேட்டிருந்தார். குளிக்கும்போது போடுவீர்களா? இல்லை, அலமாரியில் இருக்கும். ஆற்றில்? இல்லை. ஒளு செய்யும்போது? தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதை அப்படிச் சொல்வார்கள். ஐந்து வேளையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுவேன் என்றார். எல்லாக் கேள்விக்கும் சரியான பதில். கசிவு இல்லாத கடிகாரம், தண்ணீரில் போடாத மனிதர், உள்ளே ஈரம். தலைமை அலுவலகம் காரணம் கேட்டபோது அவர்களுடைய பட்டியலில் இதற்கு ஒரு வரிதான் இருந்தது: அணிபவரின் தவறான பயன்பாடு. மேடம் அதைத்தான் போட்டார். உத்தரவாதம் மகன் பெயரில் இருந்ததால் அந்த அறிக்கை மகனுக்குப் போயிற்று.

மூன்றாம் முறை ஷாகுல் பாய் மனைவி மைமூனோடு வந்தார். கடிகாரத்தைக் கழற்றவில்லை. நின்றபடியே பேசினார்.

"ஏம்மா, ஒரு விசயம் கேக்கேன். நான் தண்ணிக்குள்ள போட்டேன்னு எழுதிருக்கீய. எந்தத் தண்ணி? ஆறா, கொளமா, கடலா? பேரச் சொன்னா நானும் தெரிஞ்சிக்கிடுவேன்."

"சார், நீங்க பொய் சொல்லுதீங்கன்னு நாங்க எழுதல" என்றார் மேடம்.

"பொய்யின்னு எழுதிருந்தாக்கூடப் பரவால்ல. எம் மவன் வேறல்லா நெனைக்கான். வாப்பா பொய் சொல்ல மாட்டாவன்னு அவனுக்குத் தெரியும். அப்ப என்ன? மறதி! வாட்சோட குளிச்சிருக்கேன், குளிச்சதையும் மறந்துட்டேன். அப்படியொரு மறதியாம்."

மைமூன் அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார். "கடைய மச்சான்ட்ட ஒப்படைக்கச் சொல்லுதான். ஸ்கூட்டர வித்துரணுமாம். போன்ல டெய்லி இவங்ககிட்ட, இன்னைக்கு என்ன கெழம வாப்பா, காலைல என்ன சாப்பிட்டீய வாப்பான்னு கேக்கான்."

"நான் கெழம தப்பாச் சொல்லுதேன், வேணும்னே" என்றார் பாய். யாரும் சிரிக்கவில்லை. "எனக்கு இந்த வாட்ச் சும்மா செஞ்சு தர வேண்டாம். அந்த வரிய எடுங்க. அது போதும்."

மேடம் கையை நீட்டினார். அந்த நேரம் உள்ளே தொலைபேசி அடித்தது; தலைமை அலுவலகம். ஒரு நிமிடம் என்று சைகை காட்டிவிட்டு, என்னைப் பார்க்கச் சொல்லிப் போனார்.

நான் தொட்டியில் வேறொரு செயினைக் கழுவிக்கொண்டிருந்தேன். முழங்கை வரை சோப்பு நுரை.

பாய் கடிகாரத்தைக் கழற்றினார். "இங்கன வைக்கட்டாம்மா?"

"கை ஈரமா இருக்கு பாய். நீங்களே மெல்ல தட்டுல வச்சிருங்க."

வைத்தார். விளக்கு நேர் மேலே இருந்தது. கையைத் துடைக்கத் துணியைத் தேடிக்கொண்டே குனிந்து பார்த்தேன். சாவிக்கும் கடிகாரத்தின் கூட்டுக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு. நிழல். ஒரு நூல் நுழையும் இடைவெளி.

அந்தக் கடிகாரம் எங்களிடம் வந்த ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியோடுதான் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் "வாங்க சார்" என்று சொல்லும்போதே மேடத்தின் விரல் அதை மூடியிருக்கும். பிறகு மூடிய கடிகாரத்தை நான் சோதனைப் பெட்டியில் வைத்து, கசிவு இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கையைத் துடைத்தேன். கடிகாரத்தைத் தொடவில்லை.

"பாய், இந்தச் சாவிய எப்பத் தொறந்தீங்க?"

"காலைல. சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கெளம்பும்போது சாவி குடுத்தேன்."

"சாவி குடுத்தீங்களா?"

"குடுக்காம வாட்ச் எப்படிம்மா ஓடும்?" என்னை இரக்கத்தோடு பார்த்தார். பழைய கடிகாரத்துக்கு வளைகுடாவில் இருந்த காலம் முழுக்க, விடியற்காலை ஒளு செய்து முடித்த கையோடு சாவி கொடுத்துப் பழக்கம். அந்தக் கடிகாரம் போய் இது வந்தது. கை பழைய வேலையைத் தொடர்ந்தது. இதற்குச் சாவி கொடுக்கத் தேவையில்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. கொடுக்கிறீர்களா என்று நாங்களும் கேட்கவில்லை. தேவையில்லாத ஒன்றை ஒருவர் தினமும் செய்வார் என்று எங்கள் கேள்விகளுக்குத் தெரியாது.

"கைய துடச்சிட்டுக் குடுப்பீங்களா?"

"ஒளு தண்ணியத் துடைக்க மாட்டேன். அது தானா காயும்."

திறந்த சாவி, ஈர விரல்: பாதி கிடைத்துவிட்டது. மீதிப் பாதி, ஏன் மூடவில்லை என்பது. இந்த வகைச் சாவியை உள்நோக்கி அழுத்திக்கொண்டே திருக வேண்டும். முதல் புரி பிடித்ததும் ஒரு தடை தெரியும். முழுதாக மூடியதும் வேறொரு தடை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விரல்நுனிக்கு மட்டும்தான் தெரியும்.

"இப்ப என் முன்னால மூடுங்க பாய்."

கடிகாரத்தை முகத்துக்கு அருகில் கொண்டுபோய், சாவியையே பார்த்துக்கொண்டு திருகினார். "நின்னுட்டு."

நிழல் அப்படியே இருந்தது. "இன்னும் கொஞ்சம்."

"நின்னுட்டும்மா, இதுக்கு மேல போகாது."

"நின்னது விரல்ல தெரியுதா, கண்ணால பாக்கீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் மைமூன் அம்மா சிரித்தார். "இவங்க விரல்ல என்ன தெரியும்? கொதிக்கக் கொதிக்க டீ கிளாஸப் பிடிச்சிக்கிட்டுக் கத பேசிக்கிட்டு நிப்பாவ. இரும்புக் கையின்னு புள்ளைங்கள்லாம் கேலி பண்ணும்."

சொல்லி முடிக்கும்போது அவர் சிரிப்பு நின்றிருந்தது.

"பாய், கண்ண மூடிட்டுக் கைய நீட்டுங்க. உங்க விரல் மேல ஒண்ணு வைப்பேன். வச்சதும் சொல்லணும்."

செயினைக் கூட்டோடு இணைக்கும் சிறிய உலோகக் கம்பி ஒன்றை எடுத்து, அவருடைய ஆள்காட்டி விரல்நுனியில் வைத்தேன். அவர் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம்.

"வச்சிட்டியாம்மா?" என்றார்.

மேடம் திரும்பி வந்தது அப்போதுதான். வழக்கம்போல் கை தட்டிலிருந்த கடிகாரத்துக்குப் போனது.

"மேடம், தொடாதீங்க" என்றேன். அந்த மாதிரி அவரிடம் நான் அதற்கு முன் பேசியதில்லை.

கை அந்தரத்தில் நின்றது. பின்னால் கட்டிக்கொண்டார். குனிந்து லென்ஸில் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"ரெண்டு தடவையும் நான்தான் வாங்குனேன்" என்றார். அதோடு சரி. பிறகு கடிகாரத்தை விளிம்பில் மட்டும் பிடித்து, சாவியை அப்படியே வைத்துச் சோதனைப் பெட்டியில் வைத்தார். தேறவில்லை. வெளியே எடுத்து, சாவியை மூடி, மறுபடி வைத்தார். தேறியது. இரண்டு முறையும் பாயை அருகில் கூப்பிட்டு, திரையைக் காட்டினார்.

பாய் திரையைப் பார்த்தார், தன் விரல்களைப் பார்த்தார், போனை எடுத்தார். அதை ஒலிபெருக்கியில் போட்டுக் கவுண்டர் மேல் வைத்தார்.

"ஏலே ரியாசு. கடிகாரக் கடையில இருக்கேன். இந்தப் புள்ள சொல்லுததக் கேளு."

நான் சொன்னேன். தண்ணீரில் போடவில்லை, குளிக்கவில்லை, மறக்கவில்லை. தினமும் ஒழுங்காகத் திறந்து, ஒழுங்காக மூடியிருக்கிறார். மூடியது முழுதாகவில்லை என்பது அவர் விரலுக்குத் தெரியவில்லை. சர்க்கரையா, நரம்பா, டாக்டர்தான் சொல்ல வேண்டும், சீக்கிரம் காட்டுங்கள்.

"கேட்டியாலே?" பாயின் குரல் மையம் முழுவதும் கேட்டது. "மறதி இல்லையாம்! டெஸ்ட் பண்ணிச் சொல்லியாச்சு. கெழம கேக்குத வேலையெல்லாம் இன்னையோட விட்டுரு."

மறுமுனையில் ரியாஸ், "எந்தக் கை வாப்பா?" என்று கேட்டான். "ரெண்டுமா? கால் எப்படி இருக்கு? வாப்பா, கால்ல செருப்புப் போட்டிருக்கீயளா?"

பாய் குனிந்து தன் காலைப் பார்த்தார். "போட்டுத்தாம்லே இருக்கேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அந்த வரியை எடுக்க மேடத்துக்குச் சில நாள் பிடித்தது. பட்டியலில் இல்லாத காரணத்தைக் கணினி ஏற்கவில்லை. தலைமை அலுவலகத்துக்கு மேடம் தனியாக எழுதினார்: பெறும்போதே சாவியை மூடியதால் முந்தைய இரு சோதனைகளும் செல்லாது, அணிபவர் சொன்ன எல்லாத் தகவலும் சரி. இது சேவை அறிக்கையா என்று திருப்பிக் கேட்டார்கள். ஆம் என்று ஒரு சொல்லில் பதில் போட்டார்.

எங்களுடைய முதல் விதியும் மாறியது. கூட்டம் போட்டு அறிவிக்கவில்லை. அடுத்த நாள் கவுண்டருக்கு வந்தவரிடம் மேடம் எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டி, நடுவழியில் நிறுத்தி, "தட்டுல வையுங்க சார்" என்றார். பழக்கத்தால் அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் ஒரு தடவை திருகிக்கொண்டன. அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் முதலில் பார்த்தோம், சாவி எந்த நிலையில் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னோம், பிறகுதான் தொட்டோம்.

பாய்க்குச் சர்க்கரை இருந்தது. வெகுநாளாக இருந்திருக்கிறது என்றார்களாம். உள்ளங்காலில் அவருக்கே தெரியாத ஒரு புண் இருந்தது, ஆறிவிட்டது. விரல்நுனியில் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. சாவி கொடுக்கத் தேவையில்லை என்று சொல்லியும் விடியற்காலைப் பழக்கத்தை அவர் விடவில்லை. கடை அவரிடமே இருக்கிறது. ஸ்கூட்டரை மட்டும், பிரேக் பிடிப்பது விரலுக்குச் சரியாகத் தெரியாது என்பதால், அவராகவே மச்சானுக்குக் கொடுத்துவிட்டார். இதையெல்லாம் மைமூன் அம்மா பிறகு வந்தபோது சொன்னார்.

இவ்வளவையும் எழுதிவிட்டுச் சுபாவுக்கு அனுப்பலாம் என்றிருந்தேன். அதற்குள் நேற்று அவளே போன் செய்தாள்.

"அக்கா, ஒரு பாய் வந்தாவ, வீட்டம்மாவோட. வாட்சுக்கு ஒண்ணும் இல்லையாம், சும்மா செக் பண்ணணுமாம். நான் கைய நீட்டுனா தர மாட்டேங்காவ. தட்டுல வச்சிட்டு, ரெண்டு கையவும் பின்னால கட்டிக்கிட்டு, 'தொடாமப் பாரு, தொடாமப் பாரு'ன்னு ஒரே பிடிவாதம். யாருக்கா அது?"

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சாவி எப்படி இருந்துச்சு?"

"நல்லா இறுக்கி மூடியிருந்துச்சு. அதச் சொன்னதும் அந்தம்மா தன் விரல எங்கிட்ட ஆட்டிக் காட்டிட்டுப் போறாவ, தெனமும் நாந்தான் மூடுதேன்னு."